மரத்தில் செதுக்க லேசரா, சிஎன்சி ரூட்டரா? செட்டிநாட்டுப் பக்கம் பட்டறை போடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

லேசரோ சிஎன்சி ரூட்டரோ (கம்ப்யூட்டர் ஓட்டும் செதுக்கு மெஷின்) வாங்கும் யோசனையோடு வருபவர்களில் பாதிப் பேர் கையில் விலைப்பட்டியலோடுதான் வருகிறார்கள். "இதுல எது நல்லது?" என்று கேட்கிறார்கள். என்ன வேலை, என்ன மரம், யார் பாலிஷ் போடுவது என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை. கீழே உள்ள வரிசையில் போனால் மெஷின் பெயர் ஐந்தாவது ஆறாவது படியில் தானாக வந்து நிற்கும். வரிசையை மாற்றினால், வாங்கிய மெஷினுக்கு வேலை தேடி அலைய வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு நோட்டு, வெர்னியர் காலிப்பர், ஈரப்பதம் பார்க்கும் மீட்டர், ஒரு நல்ல காந்தம், நீங்கள் உண்மையில் பயன்படுத்தப் போகும் மரங்களில் நாலைந்து துண்டுகள்.

1. முதலில் வேலைப் பட்டியல்

அடுத்த ஆறு மாதத்தில் உறுதியாக வரக்கூடிய வேலைகளை எழுதுங்கள். ஆசைப்படுவதை எழுத வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பொதுவாக வருபவை இவை: நிலைக்கு மேலே வைக்கிற கஜலட்சுமி பலகை, கதவில் பூவேலை, பழைய கதவில் உடைந்துபோன துண்டுக்கு மாற்று, விலாச எழுத்துகளோடு (குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள்) பெயர்ப்பலகை, பூஜை அறைக் கதவு, கல்யாணத்துக்கும் சாந்திக்கும் (அறுபதாம் கல்யாணம்) கொடுக்கிற நினைவுப் பரிசு, பழைய வீடுகளில் நடக்கும் ஹோட்டல்களுக்கு அறை எண்ணும் சாவிக் கட்டையும்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவு, மரம், எத்தனை உருப்படி என்று குறியுங்கள். கடைசிக் கட்டத்தில் பாலிஷ் போடப்போவது யார் என்பதையும் எழுதுங்கள். பலர் விட்டுவிடுகிற விவரம் இது. பாலிஷ்காரர் எவ்வளவு தேய்ப்பார் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த படி.

2. ஒவ்வொரு வேலைக்கும் ஆழம் எவ்வளவு?

மொத்த முடிவில் முக்கால் பங்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

லேசர் மரத்தை எரித்து ஆவியாக்குகிறது. மேற்பரப்பில் பழுப்பும் கறுப்புமாக நிறம் விழும், மெல்லிய பள்ளமும் விழும். ஆழம் கூடக்கூட அடியிலும் பக்கச் சுவரிலும் கரி சேரும். அந்தக் கரி பாலிஷில் கலந்து பக்கத்து மரத்தில் இழுபடும். ரூட்டர் சுழலும் பிட்டால் (வெட்டும் முனை) மரத்தைச் சீவி எடுக்கிறது. நிறம் மாறாது, பள்ளத்தில் விழும் நிழல்தான் உருவத்தைக் காட்டும்.

என் கணக்கு இப்படி: 1 மி.மீ. வரை போதும் என்றால் லேசர். 3 மி.மீ.க்கு மேல் என்றால் ரூட்டர், பேச்சே இல்லை. இடைப்பட்டதற்கு மரத்தையும் பாலிஷையும் பார்க்க வேண்டும். வாசல் கதவு, வெயில் படும் பெயர்ப்பலகை போன்றவற்றைச் சில வருடத்துக்கு ஒருமுறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி வார்னிஷ் அடிப்பார்கள். அரை மி.மீ. லேசர் வேலை இரண்டு தேய்ப்பில் போய்விடும். அதனால் வெளிப்புற மர வேலை எதற்கும் நான் லேசரைச் சொல்வதில்லை.

வாடிக்கையாளருக்கு மி.மீ. கணக்கு புரியாது. அவர்கள் பேச்சிலிருந்து நாம்தான் எடுக்க வேண்டும். "கையால தடவுனா தட்டுப்படணும் தம்பி" என்று ஒரு ஆச்சி சொன்னால் அது ரூட்டர் வேலை. "அந்தப் பழைய போட்டோவை அப்படியே மரத்துல கொண்டு வரணும்" என்றால் லேசர் வேலை.

ஒரு எச்சரிக்கை. லேசரிலும் முப்பரிமாண உருவம் வரும் என்று விற்பவர்கள் மாதிரி காட்டுவார்கள். வரும், பல முறை ஓட்டினால் வரும். ஆனால் படிப்படியாகக் கரி படிந்த உருவத்தை பிரஷ் வைத்துச் சுத்தம் செய்யும் கூலியை அவர்கள் சொல்வதில்லை. லட்சுமி முகத்தில் மூக்கு, உதடு நிற்க வேண்டுமானால் ரூட்டர்தான்.

3. மரத்தைப் பாருங்கள்

தேக்கு இரண்டுக்கும் உதவும். ஆனால் அதில் எண்ணெய்ச் சத்து அதிகம். லேசர் அடிக்கும்போது புகை சுற்றிலும் மஞ்சளாகப் படியும். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அடித்தால் கறை டேப்போடு போய்விடும். வைரமும் (நடு மரம்) வெள்ளையும் (ஓர மரம்) ஒரே பலகையில் இருந்தால் ஒரே பவரில் இரண்டு நிறம் விழும். பெயர்ப்பலகையில் பாதி எழுத்து வெளிறிப்போய் நிற்பதற்கு இதுதான் காரணம்.

ஈட்டி மரத்தில் லேசர் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. மரமே கறுப்பு, எழுத்தும் கறுப்பு. ரப்பர் மரம், பலா போன்ற வெளிர் மரங்களில் லேசர் பளிச்சென்று நிற்கும்.

பிளைவுட்டில் லேசர் பசை அடுக்கைத் தொட்டால் அங்கங்கே திட்டாகும். ரூட்டர் ஓட்டினால் உள்ளே இருக்கும் பொத்தல் வெளியே வரும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) இரண்டிலும் ஓடும், ஆனால் ரூட்டரில் அதன் தூள் மாவு போலப் பறக்கும்.

இப்போது கதவுக்கு நிறைய ஓடுவது டபிள்யூபிசி (வுட் பிளாஸ்டிக் காம்போசிட்) பலகை. பெயரில் மரம் இருந்தாலும் நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி பிவிசி கலந்தது. அதை லேசரில் வைக்கவே கூடாது. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். நுரையீரலுக்கும் கெடுதல், மெஷினின் ரெயிலும் லென்ஸும் துருப்பிடித்து அரித்துப் போகும். சந்தேகம் இருந்தால் காற்றோட்டமான இடத்தில் இதைச் செய்து பாருங்கள். செம்புக் கம்பி ஒன்றை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, அந்தப் பலகையில் தொட்டு, கொஞ்சம் ஒட்டிக்கொண்டதும் மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையாக மாறினால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பலகை ரூட்டருக்கு மட்டும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய விஷயம்: பழைய வீடு பிரித்த தேக்கு. மரம் அருமையாக இருக்கும். உள்ளே ஆணி இருக்கும். தலை உடைந்து, மேலே மக்கு பூசி மறைந்து கிடக்கும். 18,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) சுழலும் பிட் ஆணியில் பட்டால் பிட் தெறிக்கும், முகத்தில் படலாம். காந்தத்தை அங்குலம் அங்குலமாக ஓட்டுங்கள். பித்தளை ஆணி காந்தத்துக்குச் சிக்காது, அதற்குக் கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர் வேண்டும். பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். அதைச் சுரண்டி எடுக்காமல் லேசரில் வைத்தால் அந்தப் புகை உங்களுக்குத்தான்.

ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். ஈர மரத்தில் ரூட்டர் பிட் மயிர் மயிராகப் பிய்க்கும், லேசருக்கு அதிகப் பவர் செலவாகும். செதுக்கி முடித்த பிறகு பலகை வளைந்தால் இரண்டு மெஷினும் காப்பாற்றாது.

4. எழுத்து எவ்வளவு நுணுக்கம்?

தமிழ் எழுத்தில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

லேசர் புள்ளி ஏறக்குறைய 0.1 மி.மீ. அளவுதான். 5 மி.மீ. உயர எழுத்தில் "ஞ", "ண" சுழிகள்கூடத் தெளிவாக விழும். ரூட்டரில் வட்டமான பிட் போட்டால் அதன் விட்டத்தைவிடக் குறுகிய இடத்துக்குள் போகாது. 3 மி.மீ. பிட் போட்டு "ண" சுழிக்குள் போக முடியாது. அதனால் எழுத்துக்கு வி-பிட் போடுகிறோம். கூர்முனை, கோட்டின் அகலத்துக்கு ஏற்ப ஏறி இறங்கிச் செல்லும்.

வி-பிட்டில் அகலமும் ஆழமும் சேர்ந்தே வரும். 90 டிகிரி பிட்டில் 6 மி.மீ. அகலக் கோட்டுக்கு 3 மி.மீ. ஆழம். அதே கோட்டுக்கு 60 டிகிரி பிட் 5.2 மி.மீ. இறங்கும். தடித்த எழுத்துருவை 6 மி.மீ. பிளைவுட்டில் 60 டிகிரி பிட்டால் ஓட்டினால் பின்பக்கம் வெளிச்சம் தெரிந்துவிடும். பலகையின் கனத்தைப் பார்த்துப் பிட்டைத் தேர்ந்தெடுங்கள், அல்லது சாஃப்ட்வேரில் ஆழ வரம்பு வையுங்கள்.

இன்னொன்று, பலகை சமமாக இருக்க வேண்டும். 90 டிகிரி பிட்டில் பலகை அரை மி.மீ. தாழ்ந்திருந்தால் கோட்டின் அகலம் 1 மி.மீ. குறையும். மெய்யெழுத்தின் புள்ளி 1 மி.மீ. அகலம்தான் என்றால் அது காணாமலே போகும். விலாசத்தில் "மெ" "பழ" "சித" என்று எழுத்துக்குப் பின் எழுத்தாக, நடுவில் புள்ளி வைத்து வருகிற ஊர் இது. ஒரு புள்ளி விழாவிட்டால் பலகை திரும்பி வரும். புள்ளியைத் தனியாகப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். எழுத்துருவில் இருப்பது பேப்பருக்கு வரைந்த அளவு.

டிசைன் செய்யும்போது எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள். மாற்றாமல் அனுப்பினால் எதிர்ப்பக்கக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வரும். மாற்றிய பிறகு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் கோடுகளை யூனியன் கொடுத்து ஒன்றாக்குங்கள். இல்லையென்றால் கொம்பும் காலும் எழுத்தைத் தொடும் இடங்களில் லேசர் இரண்டு முறை எரிக்கும், ரூட்டர் நடுவில் தேவையில்லாத வெட்டு போடும். இங்க்ஸ்கேப் என்ற டிசைன் சாஃப்ட்வேர் இலவசம், இந்த இரண்டு வேலைக்கும் அது போதும்.

5. நேரக் கணக்கு

300 × 200 மி.மீ. படத்தை லேசரில் முழுப் பரப்பும் ஓட்டுவதாக வையுங்கள். கோட்டு இடைவெளி 0.1 மி.மீ. என்றால் 2,000 கோடுகள். வேகம் நொடிக்கு 300 மி.மீ. என்றால் கோட்டுக்கு ஒரு நொடி. ஆக 33 நிமிடம், திரும்பும் நேரத்தையும் சேர்த்தால் 40ஐ நெருங்கும். படத்தில் விவரம் கூடினாலும் குறைந்தாலும் நேரம் பெரிதாக மாறாது.

ரூட்டரில் வி-பிட் எழுத்து ஓடும் பாதை மொத்தம் 12 மீட்டர் என்றால், நிமிடத்துக்கு 1,500 மி.மீ. வேகத்தில் 8 நிமிடம். பெயர்ப்பலகையில் ரூட்டர்தான் வேகம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

ஆனால் கஜலட்சுமிக்கு வாருங்கள். 600 × 300 மி.மீ. பலகை, கூம்பு பால்நோஸ் (முனை உருண்ட) பிட், அடுத்தடுத்த ஓட்டத்துக்கு இடையே 0.2 மி.மீ. என்றால் 1,500 ஓட்டம், ஒவ்வொன்றும் 600 மி.மீ. மொத்தம் 900 மீட்டர். நிமிடத்துக்கு 2,500 மி.மீ. போனாலும் 6 மணி நேரம். முதலில் பெரிய பிட்டால் மொத்தமாகக் குடைந்தெடுக்கும் நேரம் தனி. இடைவெளியை 0.3 ஆக்கினால் 4 மணி நேரத்தில் முடியும், உப்புத்தாள் வேலை கூடும். ஆசாரி கையில் உளி வைத்து முகத்தைத் தீட்டிக் கொடுப்பார் என்றால் 0.3 தாராளமாகப் போதும். கை வேலை சேர்ந்த பலகைக்கு இங்கே மதிப்பும் அதிகம்.

கூலி பேசும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

6. இடம், கரண்ட், புகை, தூசி

லேசருக்குப் புகைபோக்கி வெளியே போக வேண்டும். பக்கத்து வீட்டு வளவுக்குள் புகை போனால் ஒரு வாரத்தில் சண்டை வரும். ரூட்டருக்குச் சத்தமும் தூசியும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. தூசி உறிஞ்சும் மெஷினும் நல்ல மாஸ்கும் மெஷின் விலையோடு சேர்ந்த செலவு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ள முடியாதது.

1.5 அல்லது 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) சிங்கிள் பேஸில் ஓடும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் த்ரீ பேஸ் கேட்பார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் இபி அலுவலகத்தில் லோடு விசாரித்துவிடுங்கள்.

சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு வாயு) லேசரின் கண்ணாடிக் குழாயைத் தண்ணீர் குளிர்விக்கிறது. சிடபிள்யூ-3000 வகைச் சில்லர் என்பது ரேடியேட்டரும் ஃபேனும்தான். அறை வெப்பத்துக்குக் கீழே அதனால் குளிர்விக்க முடியாது. சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் 40 டிகிரி இருக்கும்போது குழாய் சீக்கிரம் பவர் இழக்கும். நம் ஊர் வெயிலுக்கு கம்ப்ரசர் உள்ள சிடபிள்யூ-5200 வகைதான் சரி. ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும்.

எர்த் சரியாக இருக்க வேண்டும். லேசர் பவர் சப்ளையில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட்.

7. ஒரே டிசைனை இரண்டு இடத்தில் போட்டுப் பாருங்கள்

உங்கள் பட்டியலில் அதிகம் வரும் வேலை ஒன்றை எடுங்கள். ஒரே பலகையிலிருந்து இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை லேசர் ஜாப்வொர்க் கடையிலும், மற்றதை சிஎன்சி கடையிலும் கொடுங்கள். மதுரை, திருச்சியில் இரண்டும் கிடைக்கும். வாங்கி வந்து உங்கள் பாலிஷ்காரரிடமே கொடுத்து முழு பாலிஷ் போடச் சொல்லுங்கள்.

பாலிஷ் போடாத மரமாக ஒப்பிடாதீர்கள். பாலிஷுக்கு முன் லேசர் துண்டுதான் கண்ணைப் பறிக்கும். தேக்கு பாலிஷில் கறுத்த பிறகு அந்த வித்தியாசம் பாதியாகிவிடும், ரூட்டர் துண்டில் நிழல் கூடும். சில வேலைகளில் இது தலைகீழாகவும் நடக்கும். ரூட்டரில் போட்ட நுணுக்கமான கோலம், பள்ளத்தில் பாலிஷ் தேங்கி மொழுக்கென்று ஆகிவிடும். அதனால்தான் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

8. எந்த அளவு?

கதவு வேலைக்கு 4 × 8 அடி ரூட்டர் கட்டாயம் என்று நினைக்கிறார்கள். செட்டிநாட்டுக் கதவில் பூவேலைப் பலகைகள் சட்டத்துக்குள் தனித்தனியாகப் பொருந்துபவை. பலகையைத் தனியாகச் செதுக்கி மாட்டலாம். 600 × 900 மி.மீ. மெஷினில் பெரும்பாலான வேலை முடியும். பார்க்க வேண்டியது உயரம்: கனமான பலகையும் நீளமான பிட்டும் சேர்ந்து கேன்ட்ரிக்கு (ஸ்பிண்டிலைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) அடியில் நுழைகிறதா என்று அளந்து பாருங்கள்.

லேசரில், பரிசுப் பொருள் மட்டும் என்றால் 10 அல்லது 20 வாட் டயோடு (சின்ன வகை) லேசர் போதும். விளம்பரத்தில் போடும் வாட் பல நேரம் மின்சாரம் இழுக்கும் கணக்கு, ஒளியாக வெளியே வரும் வாட் எவ்வளவு என்று கேளுங்கள். மூடி இல்லாத டயோடு மெஷினில் நீல ஒளிக்கான கண்ணாடி போடாமல் நிற்கக் கூடாது, சுற்றி நிற்கும் பிள்ளைகளும்தான். நாள் முழுக்க ஓடும் வேலைக்கு 60 முதல் 100 வாட் சிஓடூ. ஃபைபர் லேசர் உலோகத்துக்கு. மரத்துக்கு என்று யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வாங்க வேண்டாம்.

9. லேசரில் முதல் வேலை

அதே பலகையின் வெட்டுத் துண்டில், பவரும் வேகமும் கட்டம் கட்டமாக மாறும் சோதனை அட்டவணை ஓட்டுங்கள். வேறு மரத்தில் எடுத்த எண் இதற்கு உதவாது.

அப்புறம் ஃபோகஸ். 2 அங்குல லென்ஸில் ஃபோகஸ் ஒன்றிரண்டு மி.மீ.க்குள்தான் கூர்மையாக இருக்கும். வளைந்த பலகையின் நடுவில் ஃபோகஸ் வைத்தால் ஓரம் மங்கும். ஓரங்களில் கிளாம்ப் போட்டு அமுக்கிவிடுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி, ஏர் அசிஸ்ட் (வெட்டும் இடத்தில் காற்று ஊதுவது), புகைபோக்கி இரண்டையும் போட்ட பிறகே ஸ்டார்ட். ஏர் அசிஸ்ட் இல்லாமல் ஓட்டினால் தீ பிடிக்கலாம், லென்ஸ் கறுக்கும். ஓடும்போது டீ குடிக்கப் போகக் கூடாது. தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

10. ரூட்டரில் முதல் வேலை

மெஷின் மேஜை மேல் எம்டிஎஃப் பலகை ஒன்றைப் பதித்து, அதையே ஒருமுறை சீவிச் சமப்படுத்துங்கள். நான்காம் படியில் சொன்ன அரை மி.மீ. பிரச்சினை இங்கேதான் தீர்கிறது.

ஆணி பார்த்து, கிளாம்ப் போட்டு, எக்ஸ், ஒய் பூஜ்யம் (நீள, அகலத் தொடக்கப் புள்ளி) வையுங்கள். இசட் (உயர) பூஜ்யத்தைப் பலகையின் மேற்பரப்பில் வைப்பதுதான் எல்லாரும் செய்வது. எழுத்துக்கு அது சரி. உருவ வேலையில் முதல் பிட் மேற்பரப்பையே குடைந்து எடுத்துவிடும், இரண்டாவது பிட்டை எதில் தொட்டுப் பூஜ்யம் வைப்பது? புதியவர்கள் குத்துமதிப்பாக வைப்பார்கள், முகம் முழுக்க ஒரு படி விழும். அதனால் உருவ வேலைக்கு மேஜைப் பலகையில் பூஜ்யம் வையுங்கள், அல்லது ஒரு மூலையைச் சீவாமல் விட்டுவையுங்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு: ஆர்பிஎம் × பிட்டின் பல் எண்ணிக்கை × ஒரு பல் எடுக்கும் சீவல். 18,000 × 2 × 0.05 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,800 மி.மீ. பயந்துகொண்டு மெதுவாக ஓட்டினால் பிட் வெட்டாமல் தேய்க்கும், சூடாகும், தேக்கு கருகும். லேசரில்தான் கருகும் என்றில்லை.

முதலில் காற்றில் ஓட்டிப் பாருங்கள், கிளாம்பில் முட்டுகிறதா என்று தெரியும். பிறகு குடைதல், பிறகு நுண் ஓட்டம், எழுத்து. வெளிவட்டம் வெட்டுவது கடைசி. முதலிலேயே வெட்டிவிட்டால் துண்டு அசையும்.

எழுத்துக்குள் வண்ணம் நிரப்புவதானால் முதலில் சீலர் அடியுங்கள். நேராகப் பெயிண்ட் விட்டால் மரத்தின் நரம்பு வழியே பரவி ஓரம் கலங்கிவிடும்.

11. இரண்டும் ஒரே பலகையில் வந்தால்

கஜலட்சுமி ரூட்டரில், கீழே தேதியும் பெயரும் லேசரில் என்று கேட்பார்கள். ரூட்டர் முதலில், உப்புத்தாள் அடுத்து, லேசர் கடைசி. லேசரை முன்னால் வைத்தால் தேய்க்கும்போது எழுத்து போய்விடும். இரண்டு மெஷினிலும் எல் வடிவச் சட்டம் ஒன்றைத் திருகி வைத்து, பலகையின் ஒரே மூலையை அதில் முட்டக் கொடுங்கள். ரூட்டர் வேலையின்போதே அந்த மூலையில் பென்சிலால் ஒரு குறி போட்டுவிட்டால் பலகையைத் திருப்பி வைத்துவிடும் தவறு நேராது. லேசர் தலைக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியைவிட உருவம் மேலெழுந்து நின்றால் லேசர் தலை அதில் இடிக்கும், பவர் இல்லாமல் ஒருமுறை சுற்றவிட்டு இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.